வறுமை காப்பாற்றிய அழகு

வார இறுதியில் லண்டன்வாசிகள் தேடி ஓடும் கிராமங்களில் திங்கட்கிழமை யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை மாலை. லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தில் முதுகில் பையும் தோளில் கேமராவுமாக நண்பர் குழுக்கள் கூடுகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் வந்துவிடும். அங்கிருந்து வாடகைக் காரில் கிளம்பினால் இரண்டே நாளில் ஐந்தாறு கிராமங்களைப் பார்த்துவிடலாம். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், செங்குத்தான ஓட்டுக் கூரைகள், வாசலில் ரோஜாக்கொடி, பக்கத்தில் வாத்துகள் நீந்தும் ஓடை. இங்கிலாந்து அரசு 1966-ல் எழில்மிகு பகுதியாக அறிவித்துப் பாதுகாத்துவரும் காட்ஸ்வோல்ட்ஸ் இது.

சினிமா செட் போலத் தெரிந்தாலும் இவை உழைப்பாளிகளின் ஊர்கள். இடைக்காலத்தில் இங்கு வளர்ந்த செம்மறி ஆடுகளின் கம்பளிக்கு ஐரோப்பாவெங்கும் கிராக்கி. நார்த்லீச், சிப்பிங் கேம்டன் ஊர்களின் பிரம்மாண்டமான தேவாலயங்கள் கம்பளி வியாபாரிகளின் பணத்தில் எழுந்தவை. பைபரி கிராமத்தில் எல்லோரும் படமெடுக்கும் ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசை, சுமார் 1380-ல் கட்டப்பட்ட கம்பளிக் கிடங்கு. 17-ம் நூற்றாண்டில் அது நெசவாளர் குடியிருப்பானது.

தொழிற்புரட்சி வந்ததும் நெசவு யார்க்‌ஷயரின் ஆலைகளுக்கு இடம்பெயர்ந்தது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட இங்கே யாரிடமும் காசில்லை. வீடுகள் அப்படியே நின்றன. வறுமைதான் அழகைக் காப்பாற்றியது. பிறகு ரசிகர்கள் வந்தார்கள். பைபரியை இங்கிலாந்தின் மிக அழகிய கிராமம் என்றார் கலைஞரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ். கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு ஒருபடி மேலே போனார். செட்வொர்த் கிராமத்தில் ஒரு வீட்டையே வாங்கிக் கல் கல்லாகப் பிரித்து, 1930-ல் அமெரிக்காவின் மிச்சிகனுக்குக் கப்பலேற்றினார்.

வறுமை காப்பாற்றியதை இப்போது வசதி சோதிக்கிறது. லண்டன் பணக்காரர்கள் வார இறுதி வீடுகளாக வாங்கிப்போட, விலை உள்ளூர் இளைஞர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை இரவில் பல ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை. சுமார் 600 பேர் வாழும் பைபரியில் சுற்றுலா பஸ்களின் நெரிசல் தாங்காமல், 2025-ல் ஊர் நடுவே பஸ்கள் நிறுத்தும் இடங்களைச் சோதனை முறையில் மூடினார்கள். அரை மணி நேரம் நின்று படமெடுத்துப் போகிறவர்களால் ஊருக்குப் பெரிய லாபமில்லை. ஓர் இரவு தங்கி, உள்ளூர் மதுக்கடையில் சாப்பிட்டு, வயல்வழி நடக்கும் நண்பர்களால்தான் நாலு பேருக்குப் பிழைப்பு.

வேறு வழியும் உண்டு என்று காட்டுகிறது, தெற்கே வில்ட்‌ஷயரில் உள்ள லேகாக் கிராமம். மட்டில்டா டால்பட் என்ற பெண்மணி 1944-ல் தன் குடும்ப மாளிகையோடு கிராமத்தையும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்தார். பெரும்பாலான வீடுகள் இன்றும் அறக்கட்டளை வசம். குடியிருப்பவர்கள் வாடகைதாரர்கள். வார இறுதி முடிந்த பிறகும் அங்கே விளக்கு எரிகிறது.

உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் 1835-ல் எடுக்கப்பட்டது அந்த மாளிகையில்தான். அதில் இருப்பதும் ஒரு ஜன்னல்.