முக்காலியும் அதன் தலையும்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. அவ்வேளையில் விமானங்களும் காத்திருக்கும். அதைப் படம்பிடிப்பவருக்கோ மறுவாய்ப்பு இல்லை.

நகரும் ஊர்வலத்தைத் தொடரக் கேமராவைச் சீராகத் திருப்ப வேண்டும். எளிய முக்காலியில் அது சிக்கிச் சிக்கித் திரும்பும், காட்சி குலுங்கும். ஃப்ளூயிட் ஹெட் எனப்படும் தலைப்பகுதியினுள் தேன்போல் அடர்ந்த திரவம் உண்டு. கை பதறினாலும் அத்திரவம் அப்பதற்றத்தை அடக்கிவிடும். அமெரிக்கப் பொறியாளர் சாட்வெல் ஓகானர், ஓடும் நீராவி ரயில்களைப் படமெடுக்கவே இத்தகைய தலையொன்றை உருவாக்கினார். பொழுதுபோக்கு என்று எதையும் தள்ளிவிட முடியாது போலும்!

வாங்குமுன் கேமரா, லென்ஸ், மைக், பேட்டரி அனைத்தையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். மொத்தம் 4 கிலோ எனில், 6 கிலோ தாங்கும் தலையே தகும். கேமராவைப் பொருத்தி, சற்று முன்னே சாய்த்து, கையை மெல்ல விலக்குங்கள். சாய்த்த நிலையிலேயே நின்றால் பொருத்தம் சரி. தானே கவிழ்ந்தால் தலைக்கு வலுப் போதாது. தானே நிமிர்ந்தால் எதிர்விசை மிகுதி. முக்காலியின் மேற்பகுதியைப் பிடித்து முறுக்கியும் பாருங்கள். கால்கள் நெளிந்தால், விலை குறைவாயினும் அது வேண்டா.

மணலில் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு பலகைத்துண்டு வையுங்கள். வீடு திரும்பியதும் கால்களை நன்னீரால் கழுவித் துடையுங்கள். கடலுப்பு உலோகத்தை அரிக்கும்.