ஏழு ஆண்டு என்றால் ஏழே ஆண்டுதான்



சென்ற மாதம் நமது ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற ஹொலிவூட் நடிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கலையகத்தை விட்டு வெளியே வருவதற்குள் தொலைபேசி அடித்தது. நம் வானொலியை ஆரம்ப நாளிலிருந்து கேட்டு வரும் ஓர் அம்மா பேசினார். "தம்பி, வரிக் கணக்குப் பார்க்கிற உங்களுக்குப் படக்காரியிட்ட என்ன அலுவல்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். நேரம் போதாமல் அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒலிவியா பிறந்தது 1916 ஜூலை 1ஆம் திகதி. அவுஸ்திரேலியாவில் கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது மறக்க முடியாத நாள். புதிய நிதியாண்டு தொடங்கும் நாள். பெற்றோர் ஆங்கிலேயர். பிறந்த இடமோ ஜப்பானின் டோக்கியோ நகரம். 1919இல் தாயார் ஒலிவியாவையும் தங்கை ஜோனையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். சரடோகா என்ற சிறிய ஊரில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தத் தங்கைதான் பின்னாளில் ஜோன் ஃபொன்டெய்ன் என்ற பெயரில் புகழ் பெற்றவர்.

1934இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற பெரிய நாடக இயக்குநர் ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தை ஹொலிவூட் போல் அரங்கில் மேடையேற்றினார். அதில் ஹேர்மியா பாத்திரத்துக்கு ஒலிவியா வெறும் மாற்று நடிகை. நடிக்க வேண்டியவர்கள் விலகியதால் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. அதே நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் படமாக்கியபோது 18 வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1935இல் வெளிவந்த 'கப்டன் பிளட்' படத்தில் நம் தாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் பிறந்த எரல் ஃபிளினுடன் ஜோடியாக நடித்தார். இருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 1938இன் 'ரொபின் ஹூட்' அவற்றுள் ஒன்று. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் தொலைக்காட்சியில் அந்தப் பழைய படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் அவர் அறிமுகமானார்.

படங்கள் நன்றாக ஓடின. ஆனால் ஒலிவியாவுக்கு மனம் நிறையவில்லை. கதாநாயகன் வாள் வீசுவான், கதாநாயகி காத்திருப்பாள். ஆழமான பாத்திரம் கேட்டால் கிடைக்காது. அக்காலத்து ஹொலிவூட்டில் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்களைப் போலத்தான். எந்தப் படத்தில் நடிப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். வேறு நிறுவனத்துக்கு ஆளை இரவல் கொடுத்து, கூடுதலாக வரும் பணத்தைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளவும் செய்யும்.

'கோன் வித் த விண்ட்' படத்தில் மெலனி பாத்திரம் ஏற்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை அழைத்தபோது, முதலாளி ஜாக் வார்னர் இரவல் கொடுக்க மறுத்தார். ஒலிவியா அவருடைய மனைவியைத் தேநீருக்கு அழைத்துத் தன் பக்கத்தை எடுத்துச் சொன்னார். அந்த அம்மையார் பேசிய பிறகே அனுமதி கிடைத்தது. 1939இல் வெளிவந்த அந்தப் படத்தால் ஒலிவியா முதன்முறையாக ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மக்டானியலுக்குப் போனது. ஒஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். எனக்கு அலுவல் இருப்பது இங்கேதான்.

கொடுத்த பாத்திரம் வேண்டாம் என்று நடிகை சொன்னால் நிறுவனம் அவரை இடைநிறுத்தம் செய்யும். அந்தப் பாத்திரத்தை வேறொருவர் நடித்து முடிக்கும் வரை சம்பளம் கிடையாது. வேறிடத்தில் வேலை செய்யவும் கூடாது. அதோடு விட்டால் பரவாயில்லை. அப்படிச் சும்மா இருந்த வாரங்கள் எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கப்படும். ஒலிவியாவின் ஏழாண்டு ஒப்பந்தம் 1936 மே மாதம் தொடங்கி 1943 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், "நீ இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் எங்களுக்குத் தர வேண்டும்" என்றது நிறுவனம். அந்த ஆறு மாதத்திலும் ஒரு பாத்திரத்தை மறுத்தால் மீண்டும் இடைநிறுத்தம், மீண்டும் நீடிப்பு. கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவரின் நிலை போன்றது இது. முதல் மிக மெதுவாகத்தான் குறையும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வணிகவியல் பட்டம் பெற்றதும் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். மூன்று ஆண்டு விலகக் கூடாது என்று கையெழுத்து. இரண்டாம் ஆண்டில் அம்மா படுத்த படுக்கையானார். நான்கு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்து ஊரில் நின்றேன். மூன்றாண்டு முடிந்து, வேறிடத்தில் நல்ல வேலை காத்திருந்த நேரத்தில், "அந்த நான்கு மாதமும் நீர் செய்து முடிக்க வேண்டும்" என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இருந்து முடித்தேன். காத்திருந்த வேலை இன்னொருவருக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்தது இங்கே வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். நான்கு மாதம் சேர்ப்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஒலிவியா கேட்டார். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவருக்கு முன் பெட்டி டேவிஸ் என்ற பெரிய நடிகை இதே நிறுவனத்தோடு மோதி, 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். அது தெரிந்திருந்தும் ஒலிவியா மார்ட்டின் காங் என்ற சட்டத்தரணியிடம் போனார். கலிபோர்னியாச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் கட்டி வைக்க முடியாது என்பது அதன் சாரம். 1872இல் இரண்டு ஆண்டாக இருந்த அந்த எல்லை 1919இல் ஐந்தாகவும் 1931இல் ஏழாகவும் உயர்ந்தது.

ஏழு ஆண்டு என்றால் எது? வேலை செய்த நாட்களைக் கூட்டி வரும் ஏழு ஆண்டா, நாட்காட்டியில் ஓடும் ஏழு ஆண்டா? வழக்கின் மையம் இந்தக் கேள்விதான். 1943 ஓகஸ்ட் மாதம் வழக்குத் தாக்கலானது. கீழ் நீதிமன்றம் ஒலிவியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 1944 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது: ஏழு நாட்காட்டி ஆண்டுகள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. தொழிலாளியே சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தாலும், பொது நன்மைக்காக இயற்றிய சட்டத்தைத் தனிப்பட்ட ஒப்பந்தத்தால் தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. 1945 பெப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்க மறுத்துவிட்டது. 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்று இன்றும் அதை அழைக்கிறார்கள்.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வழக்கு நடந்த காலத்தில் வார்னர் நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு எந்த ஸ்டூடியோவிலும் அவருக்கு வேலை இல்லை. 27, 28 வயது என்பது ஒரு நடிகைக்கு எவ்வளவு பெறுமதியான காலம் என்று சொல்லத் தேவையில்லை. உலகப் போர் நடந்த அந்நாட்களில், காயப்பட்ட படைவீரர்களைப் பார்க்க இராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார். பசிபிக் தீவுகளுக்குப் போன பயணத்தில் பீஜியில் நிமோனியா கண்டு அவரே மருத்துவமனையில் கிடந்தார்.

வரவுப் பக்கம் இதோ. ஒலிவியா மொத்தம் ஐந்து தடவை ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஐந்தில் ஒன்றுகூட வார்னர் படம் இல்லை! முதல் இரண்டும் இரவல் போய் நடித்தவை. அவற்றில் இரண்டாவதான 1941இன் 'ஹோல்ட் பாக் த டோன்' படத்துக்கான போட்டியில் அவர் தோற்றது சொந்தத் தங்கையிடம். மற்ற மூன்றும் விடுதலைக்குப் பின் வந்தவை. 1946இன் 'டு ஈச் ஹிஸ் ஓன்' சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. 1948இன் 'த ஸ்னேக் பிட்' படத்தில் மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணாக நடித்தார். 'த எய்ரஸ்' நாடகத்தை நியூயோர்க்கில் பார்த்துவிட்டு, இதைப் படமாக்குங்கள் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் அவரே கேட்டார். 1949இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு இரண்டாவது ஒஸ்கார். தனக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்பதை முதலாளியைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1950களில் பாரிஸ் நகரில் குடியேறினார். 1965இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. 2017இல், 101 வயதை எட்டும் தறுவாயில், தன்னைத் தவறாகச் சித்திரித்ததாகக் கூறி ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எதிராக மீண்டும் நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் தோற்றார். 2020 ஜூலை 26ஆம் திகதி பாரிஸில் 104ஆவது வயதில் காலமானார். அவர் வென்ற பழைய சட்டமோ இன்றும் வேலை செய்கிறது. 2008இல் 'தேர்ட்டி செக்கண்ட்ஸ் டு மார்ஸ்' இசைக்குழு மீது அதன் இசைத்தட்டு நிறுவனம் 30 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டபோது, குழுவினர் கையில் எடுத்ததும் இதே சட்டத்தைத்தான்.

இது கலிபோர்னியாவின் சட்டம். நம் ஊர் ஒப்பந்தங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அண்மையில் ஒரு இளைஞர் வரிப் படிவத்தோடு தன் வேலை ஒப்பந்தத்தையும் கொண்டு வந்து, "அங்கிள், இதில எங்க கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார். "பேனையை வை தம்பி. எந்தத் திகதியோடு இது முடியுது, லீவு எடுத்தா அந்தத் திகதி தள்ளிப் போகுமா எண்டு முதல்ல பார். விளங்காட்டில் சட்டத்தரணியிட்டக் காட்டு" என்றேன். அன்று கொழும்பில் இப்படிச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

படக்காரியிட்ட என்ன அலுவல் என்று கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.