நம் எம்.பி. டில்லியில் என்ன கேட்டார்?

இலை விலை இறங்கும்போதெல்லாம் கோத்தகிரி டீக்கடைகளில் இந்தப் பேச்சு வரும்: "ஓட்டுப் போட்டு டில்லிக்கு அனுப்பினோமே, அங்கே நமக்காக என்னதான் பேசினார்?" நியாயமான கேள்வி. "வாயே திறக்கவில்லை" என்பார் ஒருவர். இன்னொருவர் கைபேசியை எடுத்து, இத்தனை கேள்வி, இத்தனை விவாதம், இத்தனை சதவீத வருகை என்று காட்டுவார். இரண்டுமே எனக்குப் போதவில்லை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் அந்த எண்கள். பி.ஆர்.எஸ். என்ற டில்லி ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு உறுப்பினரின் கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா, வருகை எல்லாவற்றையும் தொகுத்து வெளியிடுகிறது. நல்ல வேலைதான், ஆனால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்வதுதான் அவர் பொறுப்பு. 2009இல் நீலகிரியில் வென்ற ஆ. இராசா 2010 நவம்பர் வரை அமைச்சர். அந்த மாதங்களில் அவர் பெயரில் கேள்வி இல்லை என்று குறை சொன்னால் அது தவறு. மறுபக்கம், நூற்றுக்கணக்கில் கேள்வி அனுப்பி, ஒன்றுக்கும் உருப்படியான பதில் வாங்காதவர்களும் உண்டு. எடையை மட்டும் பார்த்து இலை வாங்கினால் கொழுந்தும் முற்றல் இலையும் ஒரே விலைக்குப் போகும் அல்லவா? கேள்விகளை எண்ணிப் பார்ப்பதும் அப்படித்தான்.

நம் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்பது கோரிக்கை. இதை ஒரு எம்.பி. அவையில் எழுப்ப வேண்டும். யாரிடம் கேட்பது? விவசாயிகள் பிரச்சினைதானே என்று வேளாண் அமைச்சகத்துக்குக் கேள்வி அனுப்பினால் அங்கே விடை கிடைக்காது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இருக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் தேயிலை இல்லை. தேயிலை வாரியம் இருப்பது வணிக அமைச்சகத்தின் கீழ். ஒவ்வொரு அமைச்சகமும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் பதில் சொல்லும். ஆகவே அமைச்சகத்தையும் நாளையும் சரியாகப் பிடிப்பதே பாதி வேலை.

மீதிப் பாதி, கேள்வியின் வாசகம். "நீலகிரி தேயிலை விவசாயிகள் துன்பப்படுவதை அரசு அறியுமா?" என்று கேட்டால், "அறியும், பல நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன" என்று இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்கள் வரும். அதையே இப்படிக் கேட்கலாம்: "1953ஆம் ஆண்டு தேயிலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. பச்சைத் தேயிலைக்காக அதைப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா? உண்டெனில் எப்போது? இல்லையெனில் காரணம் என்ன?" இதற்கு அமைச்சர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'இல்லை' என்று சொன்னாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஊர்க்கூட்டத்தில் படிக்கலாம்.

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்விகள் 20. எழுத்துப் பதில் மட்டும் தரப்படுபவை 230. எதெது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை. அதற்குள் ஐந்தாறு நட்சத்திரக் கேள்விகளைத் தாண்டுவதே அரிது. நட்சத்திரத்தின் மதிப்பு அதைத் தொடர்ந்து வரும் துணைக்கேள்வியில் இருக்கிறது. எழுதி வைத்த பதிலை அமைச்சர் வாசித்த பிறகு, உறுப்பினர் எழுந்து அவர் எதிர்பாராத இடத்தில் கேட்கலாம். மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

துணைக்கேள்வியால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தமிழர் சம்பந்தப்பட்ட வரலாறு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957இல் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது. பாலிசிதாரர்களின் பணம். இதைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தபோது கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தது. உறுப்பினர்கள் விடவில்லை. அந்த டிசம்பரில் பெரோஸ் காந்தி கணக்குகளை அடுக்கிப் பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் என்பதை நினைவில் வையுங்கள். நீதிபதி சாக்ளா விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் மாநிலத்தின் பெரிய திறமைசாலி அவர், பின்னாளில் மறுபடி அமைச்சரானார். ஆனாலும் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். ஒரு கேள்வி, அதன் பதில், அந்தப் பதிலை நம்பாத அடுத்த கேள்வி என்று பல மாதங்கள் விடாமல் தொடர்ந்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

எல்லாப் பதிலும் இப்படிப் பெரிதாக வெடிக்காது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்றுதான் பெரும்பாலும் வரும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அப்படிச் சொல்லப்படும் வார்த்தைகளை நாடாளுமன்றம் உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறது. அவற்றைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இயங்குகிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தாமதங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. என்றாலும் அமைச்சர் அவையில் சொன்ன சொல் காற்றோடு போவதில்லை, கணக்கில் ஏறுகிறது. என் எம்.பி.யிடம் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: உங்கள் கேள்விகளில் எத்தனை உறுதிமொழிகளாகப் பதிவாயின, அவற்றில் எவை நிலுவையில் நிற்கின்றன?

பூஜ்ய நேரம், 377ஆம் விதி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. தொகுதிப் பிரச்சினையைச் சுருக்கமாகப் பதிவு செய்ய அவை உதவும், அவ்வளவே. தனிநபர் மசோதா கதை வேறு. அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும் வெள்ளிக்கிழமைகளில் சட்ட முன்வரைவு கொண்டுவரலாம். இதுவரை 14 மட்டுமே சட்டமாகியுள்ளன, கடைசியாக 1970இல். அதற்காக வீண் வேலை என்று சொல்லிவிடாதீர்கள். திருநங்கை, திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்டுக்கொண்டார். சிவா உறுதியாக நின்றார். அந்த மசோதா மக்களவையைக் கடக்கவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர நேர்ந்தது. 2019இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டென்று அந்தச் சமூகத்தினரே போராடினார்கள். போராட ஒரு சட்டம் முன்னால் இருந்ததற்கு அந்த வெள்ளிக்கிழமையும் ஒரு காரணம்.

நம் தொகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரி மக்களவைத் தொகுதியில் உதகை, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகரும் சேர்ந்திருக்கின்றன. கோத்தகிரி வருவது குன்னூர் சட்டமன்றத் தொகுதியில். சமவெளியின் தேவைகளும் மலையின் தேவைகளும் ஒரே எம்.பி.யின் நேரத்துக்குப் போட்டியிடுகின்றன. தேயிலையைப் பற்றி அவர் தானாகவே நினைத்துக்கொள்வார் என்று காத்திருந்தால் நடக்காது.

1962 முதல் 1967 வரை நம் உறுப்பினராக இருந்தவர் அக்கம்மா தேவி, படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரிப் பெண். அவர் காலத்து விவாதங்களும் இன்றைய விவாதங்களும் நாடாளுமன்ற மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தேடித்தரச் சொல்லுங்கள்.

கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை. எனவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு கொடுத்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். துயரத்தை விவரிப்பதோடு நிறுத்தாமல் கேட்க வேண்டிய கேள்வியையே எழுதிக் கொடுங்கள்: எந்த அமைச்சகம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. கூட்டத்தொடர் முடிந்ததும் கேள்வி எண்ணையும் பதிலின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.