தானாகச் சுழலும் விசிறி: பயப்பட வேண்டியது எப்போது?

நமது குசினிகளுக்குள் மைக்ரோவேவ் அடுப்பு வந்து நாளாகிவிட்டது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. "நிறுத்தின பிறகும் உள்ளுக்குள்ள விசிறி சுத்துதே, வெடிச்சுப்போடுமோ?" என்று என்னிடம் கேட்ட சகோதரிகள் பலர்.

இந்த அடுப்பில் நுண்ணலையை உண்டாக்கும் பாகம் மக்னெட்ரோன். வேலை செய்யும்போது அது மிகவும் சூடாகும். அதைக் குளிர்விப்பதே விசிறியின் பணி. ஆகவே சமையல் முடிந்து சில நிமிடங்கள் சுழன்று தானாக நின்றால் அது பழுதல்ல. காஸ் அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் வகைகளில், கீழிருந்து எழும் சூட்டை உணர்ந்தும் விசிறி தானாக இயங்கும்.

பயன்படுத்தாத வேளையில் சுழன்றால்தான் கவனம் தேவை. எனது அயல்வீட்டில் ஓர் இரவு, ஒருவரும் தொடாமலே விசிறி சுழலத் தொடங்கியது. உயர்தரம் படிக்கும் அந்த வீட்டு மகன் உடனே மூடியைக் கழற்ற ஆயத்தமானார். "தம்பி, பிளக்கை மட்டும் கழற்றிவிடுங்கோ. மூடியில கை வைக்க வேண்டாம்" என்று தடுத்தேன். மறுநாள் வந்த திருத்துநர் கதவுச் சுவிட்ச் பழுதாகியிருந்ததைக் கண்டு மாற்றிக் கொடுத்தார்.

நான் தடுத்ததற்குக் காரணம் உண்டு. அடுப்பினுள் உள்ள கொள்ளளவி ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் வேலை செய்வது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை இவை:

* பிளக்கைக் கழற்றி, சில நிமிடங்களின் பின் மீண்டும் செருகிப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பகுதியின் சிறு தடுமாற்றம் இதனால் நீங்கக்கூடும்.

* கதவு சரியாகப் பூட்டுகிறதா, கொக்கியில் உணவுத் துணுக்கு சிக்கியுள்ளதா எனப் பாருங்கள்.

* காற்றுத் துவாரங்களைத் துணியாலோ பாத்திரங்களாலோ மறைக்காதீர்கள். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள்.

* உட்புறத்தைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். உணவு வாசனைக்கு வரும் கரப்பான்பூச்சிகள் மின்சுற்றுப் பலகையையும் பழுதாக்கும்.

இதன் பின்னரும் விசிறி தானாகச் சுழன்றாலோ, கதவு திறந்திருக்கையில் தட்டு சுற்றினாலோ, அடுப்பைப் பாவிக்காமல் பிளக்கைக் கழற்றி வைத்துத் தேர்ந்த திருத்துநரை அழையுங்கள். திருத்துக்கூலியை மிச்சம் பிடிக்க வீட்டுப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.