லேத்தில் மரச் சக் மாட்டும் முன்

ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் 1943-இல் பிராகா டூல்ஸ் ஆலை தொடங்கியது. அங்கே லேத் சக் செய்தார்கள். சக் என்பது பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி.

சிறிய இரும்பு லேத்தில் மரமும் கடையலாம். அதற்கு மரச் சக் மாட்ட வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். லேத் பெட் மேல் ஒரு பலகை வையுங்கள். சக் கனமானது. நழுவினால் விரல் நசுங்கும்.

சக்கின் மரையும் சுழல்தண்டின் மரையும் பொருந்த வேண்டும். "ஏறக்குறைய சரி" என்பது இங்கே செல்லாது. இரண்டையும் துடையுங்கள். ஒரு துகள் இருந்தாலும் சக் கோணலாக உட்காரும். கையால் திருகி இறுக்குங்கள். மரையில் திருகிய சக்கை எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். கழன்று பறக்கும்.

சக் சாவியை எடுத்தீர்களா? மறந்து ஓட்டினால் அது குண்டு போலப் பாயும். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லையா? கையுறையைக் கழற்றுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். கண்ணாடி அணியுங்கள். பக்கவாட்டில் நின்று, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.