மழைக்கு முன் டயரைப் பாருங்கள்

பத்து காஜா வட்டாரத்தில் மாலை வேளையில் இடியுடன் கொட்டும் மழை புதிதல்ல. கோப்பெங் சாலையில் கெல்லி மாளிகையைக் கடந்து வீடு திரும்பும்போது கார் வழுக்கினால், பலர் பிரேக்கைத்தான் குறை சொல்வார்கள். பிரேக் நன்றாக இருந்தாலும் மொட்டை டயர் காரை நிறுத்தாது.

டயரில் உள்ள பள்ளங்கள்தான் சாலையில் தேங்கும் நீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்துவிட்டால், வேகமாகச் செல்லும்போது டயர் சாலையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கும். அந்நேரம் பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேடுகளின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

பழைய டயர் வாங்குவோர் அதன் வயதையும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் 2321 என்றிருந்தால், அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

காற்றழுத்தத்தை டயர் சூடாவதற்கு முன் சோதிப்பது நல்லது. சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத்துடனும் பெட்டிகளுடனும் புறப்படும்போது, அதில் முழுச் சுமைக்கெனக் குறிப்பிட்டுள்ள அளவைப் பின்பற்றுங்கள். மாதம் ஒருமுறை சோதிக்கும்போது ஸ்பேர் டயரையும் மறக்காதீர்கள்.