பத்து வெள்ளிக் கேபிளுக்கும் சட்டம் உண்டு

டெங்கில் பட்டணத்துக் கைப்பேசிக் கடைகளிலும் சரி, இரவுச் சந்தை மேசைகளிலும் சரி, ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் சார்ஜர் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வாங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் முனைக்குப் பக்கத்தில் உறை பிளந்துவிடுகிறது. ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் கைப்பேசியில் சார்ஜ் ஏறுகிறது. "மலிவா வாங்கினா இப்படித்தான்" என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்ததை வாங்குகிறோம்.

அந்தச் சமாதானம் தேவையில்லை. கடையில் விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். எது ஏற்கத்தக்க தரம் என்று விளக்கும் அதன் 32ஆம் பிரிவு, பொருள் பாதுகாப்பாக இருப்பதோடு நீடித்து உழைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. விலையையும், பெட்டியில் அச்சிட்டிருப்பதையும், விற்பவர் வாயால் சொன்னதையும் கணக்கில் எடுத்துத்தான் அந்தத் தரத்தை அளக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆகவே பத்து வெள்ளிக் கேபிளிடம் ஐம்பது வெள்ளிக் கேபிளின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இரண்டு மாதத்தில் பிளந்துபோவதை விதி என்று ஏற்கவும் வேண்டியதில்லை.

முதலில் ஆபத்தைப் பேசிவிடலாம். 2018 டிசம்பரில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவில், 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டில் இறந்து கிடந்தான். சார்ஜில் இருந்த கைப்பேசியோடு இணைத்த இயர்போன் அவன் காதில் இருந்தது. மின்சாரம் தாக்கியே இறந்தான் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. கேபிளில் ஓடுவது வெறும் 5 வோல்ட்தானே, அது எப்படி உயிரைக் குடிக்கும் என்று கேட்கத் தோன்றும். கேபிள் தானாக ஆளைக் கொல்வதில்லை. சுவரில் வருவது 230 வோல்ட். அதை 5 வோல்ட்டாகக் குறைப்பதும், இரண்டையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் பிரித்து வைப்பதும் சார்ஜரின் வேலை. மட்டமான சார்ஜர்களில் அந்தப் பிரிவினை மிக மெல்லியதாக இருக்கும். காப்புப் பூச்சு போதாது, இடைவெளியும் போதாது. அது உடைந்தால் சுவர் மின்சாரம் நேராகக் கேபிளுக்குள் இறங்கி, கேபிள் வழியே கைப்பேசிக்கும் இயர்போனுக்கும் போய்ச் சேரும். 2016இல் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தபோது, காப்புச் சோதனையில் மூன்றே மூன்றுதான் தேறின.

கேபிளின் சொந்த ஆபத்து சூடு. உள்ளே இருக்கும் மெல்லிய செப்பு இழைகள் வளைந்து வளைந்து ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மிச்சமிருக்கும் இழைகள் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் அந்த இடம் கொதிக்கும். பழைய சார்ஜர்கள் 5, 10 வாட் கொடுத்த காலத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்று வீட்டில் இருக்கும் வேகச் சார்ஜர்கள் 60, 100 வாட் வரை தள்ளுகின்றன. அப்படிப்பட்ட சார்ஜரில் உறை கிழிந்த கேபிளைச் செருகி, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது நெருப்போடு விளையாடும் விளையாட்டு. கிழிந்த இடத்தில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றினால் கண்ணுக்கு மறையுமே தவிர, அறுந்த இழை ஒட்டாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் வாங்கிய இரண்டு முனைச் சார்ஜரை நம் மூன்று துளை சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனா மூடியையோ திருப்புளியையோ குத்தித் திறப்பது. அந்த மேல் துளைதான் கீழ்த் துளைகளின் மூடியைத் திறக்கும் பூட்டு. குழந்தை விரல் வைக்காமல் இருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். குத்தித் திறந்து செருகிய முனை இறுகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், சாக்கெட் கருகும். இதை வீட்டில் யார் செய்தாலும் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது நல்ல கேபிளை அறிவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். தடிமனான உறை, பளபளக்கும் துணிப் பின்னல், உலோக முனை இவையெல்லாம் வெளிப்பூச்சு. கேபிளின் தரம் உள்ளே ஓடும் செப்பின் தடிமனில் இருக்கிறது. கம்பித் தடிமனை ஏ.டபிள்யூ.ஜி. என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதானால் கம்பி பெரிது. 28 எண் கம்பி போட்ட ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால், சார்ஜர் தரும் 5 வோல்ட்டில் ஏறக்குறைய 0.85 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 24 எண் கம்பியில் அந்த இழப்பு 0.34 வோல்ட்தான். அதே மெல்லிய கம்பியில் இரண்டு மீட்டர் நீளக் கேபிள் வாங்கினால் இழப்பு இரட்டிப்பு. "புது சார்ஜர்தான், ஆனா சார்ஜ் ஏறவே மாட்டேங்குது" என்று சொல்லும் பல வீடுகளில் குற்றவாளி இந்த நீளமான மெல்லிய கேபிள்தான். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள்.

டைப்-சி முனை கேபிள்களில் இன்னொரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள முறையான கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்க வேண்டும். அதற்கு மேல் போக வேண்டுமானால், தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் ஒரு சிறிய சில்லு கேபிள் முனைக்குள் இருந்தாக வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட தரநிலை 240 வாட் வரை அனுமதிக்கிறது. பெட்டியில் வாட் எண்ணோ ஆம்பியர் எண்ணோ அச்சிடாமல் "சூப்பர் ஃபாஸ்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்துவிட்டு நகருங்கள். எண் அச்சிட்டிருந்தால் அது விற்பவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. நாளை வழக்காடும்போது அந்தப் பெட்டியே சாட்சி பேசும்.

கேபிள் விஷயத்தில் ஒரு தனி மனிதர் செய்த வேலையை இங்கே நினைக்க வேண்டும். கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியூங், 2015 இறுதியில் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகத் தம் பணத்தில் வாங்கிச் சோதித்து, எது தரத்துக்கு உட்பட்டது, எது இல்லை என்று வாடிக்கையாளர் விமர்சனப் பகுதியிலேயே எழுதினார். பல கேபிள்களில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தது. இதனால் கைப்பேசி, பழைய சார்ஜரிடம் அதனால் கொடுக்க முடியாத 3 ஆம்பியரைக் கேட்கும். 2016 பிப்ரவரியில் கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள், அவருடைய மடிக்கணினியைக் கெடுத்தது. அடுத்த மாதமே அமேசான், தரநிலைக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை போட்டது. பயனீட்டாளர் ஒருவர் பொறுமையாகச் சோதித்து, ஆதாரத்தோடு எழுதினால் உலகத்தின் பெரிய கடையும் அசையும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாங்கும்போது சுவரில் செருகும் சார்ஜரில் சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் ஒட்டு இருக்கிறதா பாருங்கள். வீட்டு மின்சாதனங்கள் பலவற்றை விற்க, புத்ராஜெயாவில் உள்ள எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் அங்கீகாரமும் அந்த ஒட்டும் வேண்டும். சார்ஜர்களும் அந்த வகைதான். கேபிளின் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். முனையும் கம்பியும் சேரும் இடத்தில் மெதுவாக வளையும் நீண்ட ரப்பர் கழுத்து இருந்தால் நல்லது. வெட்டி ஒட்டியதுபோல் கட்டையாக முடிந்தால் அங்கேதான் முதலில் முறியும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. ஐபோனும் 2023இலேயே அதற்கு மாறிவிட்டது. ஒரு கேபிள் இனி பல கைப்பேசிகளுக்குக் கூட வரும் என்பதால், முப்பது நாற்பது வெள்ளி கொடுத்து நல்லதாக ஒன்று வாங்குவது வீண்செலவு ஆகாது.

வாங்கியதைப் பேணுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பியைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். படுத்துக்கொண்டே பார்க்கும்போது கைப்பேசியின் அடிப்பக்கத்தை நெஞ்சில் ஊன்றுகிறோமே, அப்போது முழு எடையும் கேபிள் கழுத்தில்தான் விழுகிறது. பிள்ளைகள் விளையாடும் கைப்பேசியில் கேபிள் சீக்கிரம் போவதற்கு இதுவே முதல் காரணம். கைப்பேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல், உள்ளங்கை அகல வளையமாகத் தளரச் சுருட்டுங்கள். புதிதாக வாங்கியவுடனே சூட்டில் சுருங்கும் குழாயை இரண்டு கழுத்திலும் மாட்டிவிட்டால் ஆயுள் கூடும். மின்பொருள் கடைகளில் அது மலிவாகவே கிடைக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கேபிளை விட்டுவைக்காதீர்கள், உறை காய்ந்து வெடிக்கும். மழையில் நனைந்த கைப்பேசியையும், வியர்வையில் நனைந்த பையில் இருந்து எடுத்ததையும் துடைத்து உலரவிட்டபின் செருகுங்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடும்போதுதான் முனையின் ஊசிகள் அரித்துக் கறுக்கின்றன. கறுத்த ஊசியோ, தொட முடியாத சூடோ, பொசுங்கும் வாடையோ தெரிந்தால் அந்தக் கேபிள் முடிந்தது. அதை எரித்துச் செம்பு எடுக்கப் பார்க்காதீர்கள், உறையின் புகை நஞ்சு. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இத்தனையும் செய்தும் சில வாரங்களில் கெட்டுப்போனால்? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடையில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சட்டம் தரும் உரிமையை ஓர் அட்டையோ ரசீதின் பின்பக்க வாசகமோ பறிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதுக்காகத் திருப்பிக் கொடுப்பது வேறு. பழுதென்றால் சரிசெய்யவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அந்தக் கேபிளால் கைப்பேசியின் சார்ஜிங் துளை கருகியிருந்தால், அதைப் பழுதுபார்த்த செலவையும் கேட்கலாம். தயாரித்தவர் சீனாவில் எங்கோ இருக்கிறார் என்று கடைக்காரர் கைவிரித்தால், பொருளை இந்நாட்டுக்குள் கொண்டுவந்த இறக்குமதியாளரும் சட்டப்படி பொறுப்பாளிதான் என்று சொல்லுங்கள். இணையக் கடைகளில் விற்பவர் தம் பெயர், நிறுவனப் பதிவு எண், தொலைபேசி, முகவரி காட்டியாக வேண்டும். இவை இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

கடை மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. படிவம் 1 நிரப்பி, ஐந்து வெள்ளி கட்டி, இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வக்கீல் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அங்கே வழியில்லை, அவை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போலி முத்திரை, பொய் வாட் எண், சிரிம் ஒட்டில்லாத சார்ஜர் என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்குச் சொல்லலாம்.

தீர்ப்பாயத்தின் தலைமையகமும் எரிசக்தி ஆணையமும் புத்ராஜெயாவின் இரண்டாம் பிரிசிண்டில் இருக்கின்றன. டெங்கிலுக்கு அது பக்கத்து ஊர். புத்ராஜெயா எழுந்த மண்ணில் ரப்பர் வெட்டிய குடும்பங்கள்தான் தோட்டத்தை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. சுவரில் விரிசல் கண்ட வீடுகளுக்குப் பதில் முறையான தரைவீடு கேட்டு அவர்கள் எத்தனை ஆண்டு குரல் கொடுத்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காக அத்தனை காலம் போராடத் தெரிந்த ஊருக்கு, ஒரு கேபிளுக்காகப் படிவம் நிரப்புவது பெரிய வேலையில்லை. தடை மொழிதான். படிவம் மலாயில் இருப்பதால் வயதானவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டு, ரசீதும் கெட்ட பொருளுமாக வருகிறவர்களுக்கு அதை நிரப்பிக் கொடுத்தால் போதும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: கேபிள் வாங்கியவுடன் ரசீதையும் பெட்டியையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், படம் மங்காது.